ஒரு துளை தள்ளி

ஐம்பத்திரண்டு வயதுவரை ரேணுகாம்பாள் வாட்ச் கட்டியதில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி டிபன் கடை வைத்திருப்பவளுக்கு வாட்ச் எதற்கு? மலைதான் எதிரிலேயே நிற்கிறதே. விடியும்போது அதன் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் மாவு கரைக்கலாம். சாயங்காலம் அதன் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தால் சட்னி அரைக்கலாம். சாம்பல் பூத்தால் விளக்கைப் போடலாம். செல்போன் ஒன்று உண்டுதான். அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் சார்ஜில் கிடக்கும். மாவுக் கையோடு தொட்டால் அதில் மாவு ஒட்டுமே தவிர மணி தெரியாது.

அப்படிப்பட்டவள், ஐப்பசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, உள்ளறையில் காலை நீட்டி உட்கார்ந்து, மகனுடைய வாட்சை மணிக்கட்டில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதா நைலான் பட்டை போட்ட வாட்ச். மகன் இளஞ்செழியன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் வருவான். இப்போதெல்லாம் அவன் கையில் கட்டியிருப்பது தொட்டால் படம் காட்டுகிற வாட்ச். அதனால் இது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு, கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாளுக்கு உடம்பு பெருத்ததே ஒழிய மணிக்கட்டு கல்யாணத்தின்போது இருந்த அதே குச்சிதான். பட்டையைக் கடைசித் துளையில் மாட்டியும் வாட்ச் கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடியது, இறக்கினால் புறங்கைக்கு வந்தது. மாவு கரைக்கிற மாதிரி கையைச் சுழற்றிப் பார்த்தாள். விரலைத் தாண்டிக் கழன்று மடியில் விழுந்தது. நாளைக்கு இது நேராக இட்லி மாவுக்குள்தான் குதிக்கும்.

திடீரென்று வாட்ச் மேல் ஆசை வரக் காரணம் அவளுடைய மருமகள்.

யமுனா வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இளஞ்செழியனும் அவளும் காதலித்தபோது ரேணுகாம்பாள் ஆறு மாதம் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமணக் குடும்பத்துப் பெண் நம் வீட்டில் எப்படிச் சாப்பிடுவாள், எப்படி ஒட்டுவாள் என்பது அவள் வாதம். வந்த பெண்ணோ வெங்காயச் சாம்பாருக்கும் முகம் சுளிக்கவில்லை, சாமி கும்பிடவும் கூட வந்தாள். ஒன்றே ஒன்றுதான் அவள் விட்டுக்கொடுக்காதது. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டாள். "இருட்டுல விளக்கைத் தேடி பூச்சி வரும்ங்க அத்தை. தெரியாம அதையும் சேர்த்து சாப்பிட்டுடக் கூடாதுல்ல. சின்ன வயசுலயிருந்து பழக்கம்" என்றாள். அவ்வளவு பணிவாகச் சொன்னால் யார்தான் சண்டை போடுவது? ரேணுகாம்பாளும் தினம் ஐந்து மணிக்கெல்லாம் தட்டை வைத்துவிடுவாள். மலை சாம்பல் பூப்பதற்குள் மருமகள் கை கழுவிவிடுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, போன பௌர்ணமிவரை.

பௌர்ணமி அன்றைக்கு அடி அண்ணாமலையில் பொழுது சாய்வதே கிடையாது. நான்கு மணிக்கே பாதை முழுக்கக் குழல் விளக்கு போட்டுவிடுவார்கள். கடைக்குக் கடை சரவிளக்கு வேறு. ரேணுகாம்பாளின் கடையில் ஈட்டுக்கு ஈடு இட்லி இறங்கும், தோசைக் கல்லைவிட்டு நிமிர நேரமிருக்காது. அன்றைக்கு யமுனா வந்து எட்டிப் பார்த்தபோது வானத்தில் வெளிச்சம் இருந்தது. "நானே எடுத்துப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "நீ உள்ள போய் உக்காரும்மா, அஞ்சு நிமிஷம், நானே சுடச்சுட எடுத்துட்டு வரேன்" என்று ரேணுகாம்பாள்தான் துரத்தினாள். வாழைக்காய் பஜ்ஜி கேட்டு நான்கு பேர், சாம்பார் ஊற்றச் சொல்லி ஏழு பேர். வெளிச்சம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தது குழல் விளக்கின் வெளிச்சத்தை.

தட்டோடு உள்ளே போனபோது யமுனா தன் தட்டைக் கழுவி மறுபடியும் கவிழ்த்து வைத்திருந்தாள். "பரவால்லைங்க அத்தை. பசிக்கல" என்று சிரித்தாள். ரேணுகாம்பாள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மலை தெரியவே இல்லை.

மறுநாள் யமுனா நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னாள். "அடுத்த பௌர்ணமிக்கு நான் ஸ்கூல் பக்கத்துலயே ஏதாவது சாப்பிட்டுட்டு வந்துடறேங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

ரேணுகாம்பாளுக்குச் சுருக்கென்றது. "இன்னா பேசற நீ? ஊருக்கே டிபன் போடறேன், என் வீட்டு மருமக கடையில வாங்கித் திங்கணுமா? அடுத்த பௌர்ணமிக்கு நான் போடறேன் பாரு, பொழுதோட!" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டால் முடிந்ததா? ஒரு வாரம் கழித்து யமுனா முழுகாமல் இருப்பது தெரிந்தது. ரேணுகாம்பாளுக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் இன்னொன்றும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அப்படியென்றால் அன்றைக்குப் பட்டினி கிடந்தது ஓர் உயிர் இல்லை, இரண்டு. அதுவும் வாசலில் இட்லி ஆவி பறக்கிற வீட்டில். நாளைக்கோ ஐப்பசிப் பௌர்ணமி, அன்னாபிஷேகம். சாமிக்கே மேலெல்லாம் சோறு சாத்துகிற நாளில் வீட்டுப் பெண் வெறும் வயிற்றோடு படுத்தால் அந்தப் பாவத்தை எந்தக் கிணற்றில் கொண்டுபோய்ப் போடுவது?

அதனால்தான் வாட்ச். மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் "எதுக்குங்க அத்தை, பரவால்லைங்க" என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கத்தான் இவளால் முடியவில்லை.

வீட்டில் இன்னொரு வாட்சும் இருந்தது. செத்துப்போன புருஷன் கண்ணாயிரத்தினுடையது, பெட்டிக்குள் பத்திரமாக. கைக்கு அதுதான் அடக்கம். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். அதில் தோல் பட்டை. யமுனா தோல் செருப்புகூடப் போடுவதில்லை. தோலைக் கட்டிய கையால் இட்லி வைத்தால் அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், ஆனால் வாயில் வைப்பாளா? எதற்கு வம்பு என்று நைலான் பட்டைக்கு வந்தாள்.

டவுனில் போய்க் கடையில் கொடுக்கலாம். ஆனால் பௌர்ணமிக்கு முந்தின நாள் நான்கு படி அரிசி ஊறுகிறது, உளுந்து ஊறுகிறது. அதை விட்டுவிட்டு எங்கே போவது? ஒரு பட்டையைச் சின்னது பண்ண ஒரு கத்தரிக்கோல் போதாதா?

முதலில் ஊக்கு குத்திப் பார்த்தாள். ஊக்கு மணிக்கட்டைக் குத்தியது. தலைமுடி ரப்பரைச் சுற்றினாள். அறுந்து அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பட்டையை மணிக்கட்டில் சுற்றி, எதுவரை வேண்டுமோ அதற்கு மேல் இரண்டு விரல் நீளம் விட்டு, வாழை இலை நறுக்குகிற கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினாள்.

வெட்டியபிறகுதான் தெரிந்தது. துளைகள் எல்லாம் வெட்டுப்பட்ட துண்டில் இருந்தன. கொக்கியின் கம்பி நுழைய ஒரு துளைகூட மிச்சமில்லை. அதுமட்டுமா, வெட்டின விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்தது. ஒரு நூலை இழுத்தாள், இன்னும் மூன்று வந்தன. மடித்துத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தால் ஊசி பாதியில் முறிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்குக்கு இப்போது ஊதா நிறத்தில் மீசையும் முளைத்திருந்தது.

"அத்தை!" வாசலில், பள்ளிக்கூடம் விட்டு வந்த யமுனாவின் குரல்.

ரேணுகாம்பாள் வாட்சை இடுப்பில் செருகிக்கொண்டு, வெட்டின துண்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள். யமுனா முகம் கழுவி வந்தாள். தட்டு வைத்தாயிற்று. இட்லியும் பருப்புத் துவையலும். யமுனா முதல் இட்லியைப் பிட்டவள் நிறுத்தி, அதன்மேலிருந்து எதையோ விரல் நுனியால் எடுத்தாள். ஊதா நூல்.

"இது ஏதுங்க அத்தை?"

"பழம்புடவை நூலா இருக்கும்."

"உங்க புடவை பச்சைங்களே." யமுனா சிரித்துக்கொண்டே அத்தையின் தோளிலிருந்து இன்னொரு நூலை எடுத்தாள். முந்தானையில் ஒன்று. பாயின் ஓரத்தில் ஒரு கொத்து. குனிந்து பாயைத் தூக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான்.

துளைகள் வரிசையாக இருந்த அந்தத் துண்டைக் கையில் எடுத்ததும் யமுனாவின் சிரிப்பு போய்விட்டது.

"இது அவரு வாட்ச்சோட பெல்ட்டுங்களே."

"பழசு தானேம்மா. சும்மா ஆணியில தொங்கிட்டிருந்துச்சு."

"நான் வாங்கிக் குடுத்ததுங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "என் மொதல் சம்பளத்துல அவருக்கு வாங்கினேன். கடையில தோல் பெல்ட்டோட தான் குடுத்தாங்க. அது வேணாம்னு டவுன் முழுக்கத் தேடி இந்த நைலான் பெல்ட்டு மாத்தினேன்."

ரேணுகாம்பாளின் கை இடுப்பில் செருகிய வாட்சை மூடிக்கொண்டது. மகன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காதலிக்கும்போது கையில் கட்டியதைக் கல்யாணம் ஆனதும் ஆணியில் மாட்டினானே பாவி!

யமுனா துண்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அத்தை, இன்னும் என் மேல கோவமாங்க?"

"கோவமா? உன் மேலயா?" ரேணுகாம்பாள் இடுப்பிலிருந்து வாட்சை உருவித் தரையில் வைத்தாள். பிரிந்த நூல்களோடு அது பரிதாபமாகக் கிடந்தது. "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நாளைக்குப் பௌர்ணமி இல்ல? லைட்ட போட்டுட்டா எனக்குப் பொழுது தெரியறதில்ல. போன தடவ அப்படித்தான் உன்னப் பட்டினி போட்டுட்டேன். வயித்துல புள்ளையோட! அதான் மணிய கையிலயே கட்டிக்கலாம்னு பாத்தேன். மாமா வாட்ச்சு இருக்கு, அது தோலு. தோலு கட்டின கையால போட்டா நீ சாப்பிடுவியோ மாட்டியோன்னு இத எடுத்தேன். இது லூசு. வெட்டினேன், எல்லாம் போச்சு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அவள் நின்றாள். யமுனா அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னை விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். தான் என்ன நினைப்போம் என்று யோசித்து ஒருத்தி பெட்டியைத் திறந்து புருஷனின் வாட்சைத் திரும்ப வைத்திருப்பாள் என்று அவள் எங்கே கண்டாள்?

"கொண்டாங்க" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்க ஸ்கூல்ல புள்ளைங்க அடையாள அட்டைக் கயிறு தினம் ஒண்ணு பிரியும். நான்தான் சரி பண்ணித் தருவேன்."

"மொதல்ல சாப்பிடு. பொழுது போவுது."

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். யமுனா பிரிந்த நூல்களை ஒட்ட நறுக்கினாள். அடுப்பைச் சிறுதீயில் வைத்து, பட்டையின் விளிம்பைத் தீயில் படாமல் பக்கத்தில் காட்டினாள். நூல் நுனிகள் சுருண்டு உருகின. கருகல் நாற்றம் வந்தது. உடனே கரண்டியின் அடியால் அதை அழுத்தித் தேய்க்க, விளிம்பு வழவழவென்று கெட்டியானது. "தீயில வச்சா கருத்துப் போவும்ங்க. காட்டினாலே போதும்" என்றாள். "அட, தோசை மாதிரியே தான்" என்றாள் ரேணுகாம்பாள்.

அடுத்தது துளை. பட்டையை அத்தையின் மணிக்கட்டில் சுற்றி, யமுனா பேனாவால் புள்ளி வைத்தாள். கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் பிடித்து அந்தப் புள்ளியில் இறக்கினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல ஊசி இறங்கியது. அதற்கு அந்தப்பக்கம் ஒரு விரல் தள்ளி இன்னொரு துளை போட்டாள்.

"எதுக்கு ரெண்டு?"

"அடுப்புச் சூட்டுல கை வீங்கும்ங்க அத்தை. உள் துளை இப்ப சரியா இருக்கும், நாளைக்கு சாயங்காலம் இறுக்கிப் புடிக்கும். நீங்க இந்த வெளித் துளையிலயே போடுங்க."

ரேணுகாம்பாள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளையல்காரனிடம் கை நீட்டியதற்குப் பிறகு யாரும் அவள் மணிக்கட்டை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. மகன் அளவுக்கு வாங்கின பட்டை தன் கையில் அடங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. மத்தியானத்திலிருந்தே மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. மணி கேட்டால் சொல்கிற நிலையில் அது இல்லை. பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அன்புச்செல்வி ஊதாப் பட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வாட்ச்செல்லாம் கட்டிகினு! ஆபீசரு ஆயிட்டியா?" என்றாள். "ஆமா, உன் பூவுக்கெல்லாம் நான்தான் கையெழுத்து போடணும்" என்றாள் ரேணுகாம்பாள்.

நான்கு மணிக்குக் குழல் விளக்குகள் எரிந்தன. கூட்டம் நெரிந்தது. ரேணுகாம்பாள் இட்லி எடுத்தாள், வாட்சைப் பார்த்தாள். சாம்பார் ஊற்றினாள், வாட்சைப் பார்த்தாள். ஐந்துக்கு இட்லியைச் சம்புடத்தில் எடுத்துத் துவையலை வைத்து மூடினாள். ஐந்தே கால் ஆனது. யமுனா வரவில்லை. போன் போட்டால் போகவில்லை. பௌர்ணமி அன்றைக்கு இங்கே போன் போனால்தான் அதிசயம். ஆட்டோவைத் தடுப்புக் கட்டையிலேயே நிறுத்தியிருப்பார்கள். இந்த நேரத்துக்கு அவள் நடந்து வந்துகொண்டிருப்பாள்.

ரேணுகாம்பாள் அடுப்பைத் தணித்தாள். "அன்பு, கொஞ்சம் பாத்துக்கோ."

"அடியேய் அக்கா, கூட்டம் அலைமோதுது, எங்க போற?"

"எம்மருமகளுக்கு நேரமாச்சு."

தோசைக்குக் காத்திருந்தவர்கள் கத்தினார்கள். கத்தட்டும். சம்புடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பாதையில் இறங்கினாள். மலையை வலமாகச் சுற்றி வரும் கூட்டம் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. யமுனா வேங்கிக்கால் பக்கமிருந்து வருகிறவள், அந்தக் கூட்டத்துக்கு எதிரே வர வேண்டும். எத்தனை தோள் இடிக்கும், எத்தனை பேர் மேலே விழுவார்கள் என்று நினைக்கும்போதே இவள் கால் வேகம் பிடித்தது. வருகிற முகத்தையெல்லாம் பார்த்தாள். நடுநடுவே மணியைப் பார்த்தாள்.

குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக, ஒரு கையால் வயிற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டு யமுனா வந்துகொண்டிருந்தாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது.

"அத்தை! நீங்க எப்படி இங்க? கடை?"

"கடை எங்கயும் ஓடிப் போவாது. உக்காரு. அஞ்சரைதான் ஆவுது. இன்னும் பொழுது இருக்கு."

பாதையோரச் சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரேணுகாம்பாள் சம்புடத்தைத் திறந்தாள். இட்லியில் இன்னும் சூடு இருந்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் மிச்சமிருந்தது. யமுனா சாப்பிட்டாள். பசித்த பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய தரிசனம் அன்றைக்கு அந்தப் பாதையில் யாருக்கும் கிடைத்திருக்காது. ரேணுகாம்பாளுக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது இட்லியின்போது யமுனாவின் பார்வை அத்தையின் கையில் விழுந்தது. பட்டைக்கு இருபுறமும் மணிக்கட்டு வீங்கிப் பிதுங்கியிருந்தது. விளிம்பு பட்ட இடம் சிவந்து கோடு விழுந்திருந்தது.

"வெளித் துளையில தானேங்க போடச் சொன்னேன்?"

"ஆமா."

"நான்தான் சொல்ல மறந்துட்டேனோன்னு பாத்தேன். வலிக்கலைங்களா?"

"வலிக்குது." ரேணுகாம்பாள் ஏதோ வெங்காய விலை சொல்வதுபோலச் சொன்னாள். "லூசா போட்டா கட்டியிருக்கறதே மறந்துடும்மா. கூட்டத்துல எனக்கு எதுவும் தெரியாது. வலிச்சா பாப்பேன் இல்ல?"

யமுனா இடது கையாலேயே கொக்கியைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டினாள். சிவந்த கோட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். பிறகு இட்லியில் ஒரு விள்ளல் பிட்டுத் துவையலில் தொட்டு அத்தையின் வாயருகே நீட்டினாள்.

"நீங்க காலையிலயிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வாங்கிக்குங்கம்மா."

அத்தை என்று சொல்லவில்லை என்பது ரேணுகாம்பாள் காதில் விழுந்தது. மணியைப் பார்க்காமல் வாயைத் திறந்தாள்.